என்டோஸ்கோப்பி அறுவை அரங்கின் மையக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அமெரிக்காவில் 510(கே) அனுமதி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயிற்றில் சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை நடக்கும் ஆபரேஷன் தியேட்டரில் ஒருமுறையாவது நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டி நினைவிருக்கும். கேமரா பெட்டி, லைட் சோர்ஸ், வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பும் இன்சஃப்ளேட்டர், நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் பம்ப், பதிவுப் பெட்டி என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பக்கத்தில், மின்சாரத்தால் திசுவை வெட்டவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் உதவும் காட்டரி. கையுறை போட்டுவிட்ட சர்ஜன் இவற்றில் எதையும் தொட முடியாது. எல்லாமே கிருமி நீக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கின்றன. "அழுத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று அவர் சொன்னால், வெளியே நிற்கும் நர்ஸ் சரியான பெட்டியைப் பார்த்து, சரியான பொத்தானை அழுத்த வேண்டும்.

இந்தப் பெட்டிகளை எல்லாம் ஒரே தொடுதிரையிலிருந்தோ, குரல் கட்டளையாலோ, கேமரா தலையில் உள்ள பொத்தானாலோ இயக்க வைப்பதுதான் மையக் கட்டுப்பாட்டு அமைப்பு. கலிபோர்னியாவில் இருந்த கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் ஹெர்மிஸ் என்ற பெயரில் குரல்வழிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஸ்ட்ரைக்கரின் சிட்னி, கார்ல் ஸ்டோர்ஸின் ஓஆர்1, ஒலிம்பஸின் என்டோஆல்ஃபா என்று இந்த வரிசை நீண்டது.

இப்படி ஓர் அமைப்பை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோக, எஃப்.டி.ஏ. என்கிற அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் திரையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பரிசீலகர் கேட்பதெல்லாம் கம்பியைப் பற்றி: கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்த எண் உண்மையா, நடுவில் கம்பி அறுந்தால் நோயாளிக்கு என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விகளையும் மேசையில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: காட்டுகிறதா, கட்டளையிடுகிறதா?

உங்கள் அமைப்பு வீடியோவை ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாற்றுவதோடும், படங்களைச் சேமிப்பதோடும் நின்றுவிட்டால் உங்கள் பாதையே வேறு. மருத்துவக் கருவிகளின் தரவைக் கடத்துவது, சேமிப்பது, காட்டுவது ஆகிய வேலைகளுக்கு 21 சி.எஃப்.ஆர். 880.6310 என்ற தனி விதி இருக்கிறது (சி.எஃப்.ஆர். என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின் தொகுப்பு). 2011-ல் எஃப்.டி.ஏ. இந்த வகைக் கருவிகளை ஆபத்து மிகக் குறைந்த முதல் வகுப்பில் வைத்தது. 2016 டிசம்பரில் நிறைவேறிய கியூர்ஸ் சட்டம், இந்த வேலையை மட்டும் செய்யும் மென்பொருளை மருத்துவக் கருவி என்ற வரையறையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டது.

ஆனால் அந்த விதியில் ஒரு கோடு அழுத்தமாகப் போடப்பட்டிருக்கிறது: இணைக்கப்பட்ட கருவியின் செயலையோ அளவுகளையோ கட்டுப்படுத்தவோ மாற்றவோ கூடாது. திரையில் "அழுத்தம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறிப் பொத்தானை வைத்த அந்த நொடியில் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். விற்பனைக்குப் போனவர்கள் "இது வெறும் வீடியோ சிஸ்டம்தான்" என்று பேசியிருக்கலாம். பொத்தான் இருந்தால் அந்தப் பேச்சு உதவாது.

இரண்டும் கலந்த அமைப்புகள்தான் அதிகம். வீடியோ மாற்றுவதும் இருக்கும், இன்சஃப்ளேட்டரை இயக்குவதும் இருக்கும். பல செயல்கள் கொண்ட கருவிகளுக்கென்று எஃப்.டி.ஏ. 2020-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி, கருவி அல்லாத செயல், கருவியாக உள்ள செயலின் பாதுகாப்பையோ பலனையோ கெடுக்கிறதா என்ற அளவில்தான் பார்க்கப்படும். ஆகவே உங்கள் செயல்களை ஒரு தாளில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். வீடியோ சேமிப்பு நிரம்பி கணினி திணறும்போது, கட்டளை போவது தாமதமாகுமா என்ற கேள்வி இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கும்.

படி 2: வகுப்பு, குறியீடு, முன்னோடிக் கருவி

என்டோஸ்கோப்பும் அதன் துணைக்கருவிகளும் 21 சி.எஃப்.ஆர். 876.1500 என்ற விதியின் கீழ் வருகின்றன. பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு. இந்த விதிக்குள் "என்டோஸ்கோப்பி மையக் கட்டுப்பாட்டு அலகு" என்றே ஒரு பொருள் குறியீடு உண்டு: ஓ.டி.ஏ. உங்கள் தேடலை அங்கே தொடங்குங்கள். நீங்கள் இயக்கப்போகும் பெட்டிகளுக்குத் தனித்தனி விதிகள் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பி இன்சஃப்ளேட்டர் 884.1730-ல் இருக்கிறது, காட்டரி 878.4400-ல் இருக்கிறது. அபாயங்களைப் பட்டியலிடும்போது அந்த வீடுகளின் வாசலையும் தட்ட வேண்டிவரும்.

இரண்டாம் வகுப்பு என்றால் வழக்கமான வழி 510(கே). கூட்டாட்சி உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் ஒரு பிரிவு எண்தான் அந்தப் பெயர். ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு உங்கள் கருவி சாராம்சத்தில் இணையானது என்று நிரூபிப்பதுதான் இதன் அடிப்படை. அந்தப் பழைய கருவியைத்தான் பிரெடிகேட் என்கிறார்கள். இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, பயன்பாட்டு நோக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு, தொழில்நுட்பம் வேறுபட்டால், அந்த வேறுபாடு பாதுகாப்பு, பலன் குறித்துப் புதிய வகைக் கேள்விகளை எழுப்பக்கூடாது.

எஃப்.டி.ஏ.வின் 510(கே) தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஓ.டி.ஏ. என்று போட்டுத் தேடினால், கே என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண்கள் வரிசையாக வரும். முதல் இரண்டு இலக்கம் விண்ணப்பம் போன ஆண்டு. ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் இறக்கிப் படியுங்கள். நான் புதியவர்களுக்கு முதல் வாரத்தில் கொடுக்கும் வேலை இதுதான்: பத்துச் சுருக்கங்களைப் படித்து, எந்தெந்தப் பெட்டிகளை இயக்குகிறார்கள், என்ன சோதனை செய்தார்கள், பயன்பாட்டு நோக்கத்தை எந்தச் சொற்களில் எழுதினார்கள் என்று மூன்று பத்தி அட்டவணை போடச் சொல்வேன். அந்த அட்டவணை முடியும்போது பாதிச் சந்தேகங்கள் தீர்ந்திருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரு கருவியிடமிருந்து பயன்பாட்டு நோக்கத்தையும், இன்னொரு கருவியிடமிருந்து தொழில்நுட்பத்தையும் பிய்த்து எடுத்து ஒட்டவைக்க எஃப்.டி.ஏ. விடாது. இரண்டுமே ஒரே பிரெடிகேட்டில் பொருந்த வேண்டும். ஏதாவது ஒரு சோதனை முறைக்கு ஆதாரம் வேண்டுமென்றால், இன்னொரு கருவியை வெறும் ஒப்பீட்டுக் கருவியாகக் காட்டலாம், அவ்வளவுதான். அப்புறம், நீங்கள் தேர்ந்தெடுத்த பிரெடிகேட் மீது திரும்பப் பெறுதல் அறிவிப்போ பாதகச் சம்பவ அறிக்கைகளோ இருக்கின்றனவா என்று எஃப்.டி.ஏ.வின் தரவுத்தளங்களில் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அபாயங்களை எழுதும் ஐந்தாம் படியில் அவை தங்கத்துக்குச் சமம்.

படி 3: பயன்பாட்டு நோக்கத்தை ஒரு பத்தியில் எழுதுதல்

எஃப்.டி.ஏ.வின் படிவம் 3881-ல் போகும் இந்த ஒரு பத்திக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். "அறுவை அரங்கில் உள்ள எல்லாக் கருவிகளையும் கட்டுப்படுத்தும்" என்று எழுதினால், எல்லாக் கருவிகளோடும் சோதித்த ஆதாரம் காட்ட வேண்டும். "பட்டியலிடப்பட்ட, இணக்கமான என்டோஸ்கோப்பி மற்றும் பொது அறுவைக் கருவிகளின் அளவுகளை, பயிற்சி பெற்ற பணியாளர் ஒரு மையத் திரையிலிருந்து அமைக்க உதவும்" என்று எழுதினால், பட்டியலுக்கு மட்டும் பொறுப்பு. "அமைக்க" என்ற சொல்லும் "இயக்க" என்ற சொல்லும் வேறுவேறு என்பதைக் கவனியுங்கள். காட்டரியின் வாட் அளவை அமைப்பது ஒன்று. காட்டரியைச் சுட வைப்பது வேறொன்று. சுடும் அதிகாரம் சர்ஜனின் கால்மிதியிலும் கைப்பிடியிலுமே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைத் திரைக்குக் கொண்டுவந்தால் உங்கள் அபாயக் கோப்பு இரண்டு மடங்காகும். சர்ஜனுக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

படி 4: முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்

கியூ-சப்மிஷன் என்ற வழியில், விண்ணப்பிக்கும் முன்பே எஃப்.டி.ஏ.விடம் கேள்வி கேட்கலாம். கட்டணம் கிடையாது. எழுத்துப் பதில் ஏறக்குறைய 70 நாளில் வரும். கூட்டம் கேட்டிருந்தால் 75 நாள் வாக்கில் நடக்கும். பிரெடிகேட் தேர்வில் சந்தேகம் இருந்தாலோ, குரல் கட்டளை போல ஏதாவது ஒன்று உங்கள் பிரெடிகேட்டில் இல்லாமல் இருந்தாலோ, இதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள். "எங்கள் சோதனைத் திட்டம் சரிதானா?" என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். "நான்கு இன்சஃப்ளேட்டர் மாடல்களில், அதிகபட்சத் தாமதம் உள்ள ஒன்றை மட்டும் முழுமையாகச் சோதித்து, மற்ற மூன்றுக்கும் இணைப்புச் சோதனை மட்டும் செய்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டால் பயன்படும் பதில் வரும்.

படி 5: ஒரே ஒரு கட்டளையைக் கையைப் பிடித்து நடத்திச் செல்லுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அபாய மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14971 என்ற தரநிலை இருக்கிறது. அதன் அட்டவணைகளை நிரப்பத் தொடங்கும் முன், ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு அதன் முழுப் பயணத்தையும் வெள்ளைத்தாளில் வரையுங்கள். வயிற்று அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கிறது. சர்ஜன் 14 கேட்கிறார். நர்ஸ் திரையில் கூட்டல் குறியை இருமுறை தொடுகிறார். மென்பொருள் அதைக் கட்டளையாக்கி இன்சஃப்ளேட்டருக்கு அனுப்புகிறது. இன்சஃப்ளேட்டர் ஏற்றுக்கொண்டு, "14 ஆக வைத்துவிட்டேன்" என்று பதில் அனுப்புகிறது. திரையில் 14 தெரிகிறது.

இப்போது ஒவ்வொரு கணுவிலும் நின்று கேளுங்கள். நர்ஸ் தொட்டதற்கும் பதில் வந்ததற்கும் இடையில் திரை எந்த எண்ணைக் காட்டுகிறது? விரும்பிய எண்ணைக் காட்டினால் அது பொய். கருவி திருப்பிச் சொன்ன எண்ணைத்தான் காட்ட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அந்த எண் வேறு நிறத்திலோ மினுக்கலிலோ இருக்கட்டும். பதில் வரவேயில்லை என்றால்? எத்தனை நொடிக்குப் பிறகு, எந்த எச்சரிக்கை? கம்பி கழன்று விழுந்தால், பழைய 14 திரையில் அப்படியே உறைந்து நிற்கிறதா? இது மிக ஆபத்தான நிலை. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், திரையோ எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். இணைப்புப் போனதும் அந்தக் கட்டம் காலியாக வேண்டும்.

கம்பி போன பிறகு இன்சஃப்ளேட்டர் என்ன செய்கிறது? தன் கடைசி அமைப்பில், தன் சொந்தப் பாதுகாப்பு வரம்புகளோடு தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். முன்பக்கப் பொத்தான்கள் உடனே கைக்கு வர வேண்டும். உண்மையில் முன்பக்கப் பொத்தானுக்கு எப்போதுமே முதல் மரியாதை. நர்ஸ் திரையில் 14 தொடும் அதே நேரத்தில் இன்னொருவர் பெட்டியின் முகப்பில் 10 வைத்தால், 10 நிற்க வேண்டும், திரை அதைக் காட்ட வேண்டும்.

இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்ட தொடுதிரையில், ஈரக் கையுறை விரல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கினால் எண் ஓடிக்கொண்டே போகிறதா? சர்ஜனின் விருப்ப அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் பெரியவருக்கு வைத்த அழுத்தமும் பாய்வும் அடுத்து வரும் குழந்தைக்குத் தானாக ஏறிவிட்டால்? பக்கத்துத் தியேட்டரின் பெட்டி வலைப்பின்னலில் தெரிந்து, இங்கிருந்து தொட்ட பொத்தான் அங்கே வேலை செய்தால்? மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், அமைப்பு தன் பழைய எண்களைப் பெட்டிகளின் மேல் திணிக்கிறதா, அல்லது பெட்டிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறதா?

லைட் சோர்ஸ் சாதாரணமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிக் கம்பியின் முனை துணி விரிப்பின் மேல் கிடக்கும்போது விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தால், விரிப்பு கருகும், நோயாளிக்குத் தீக்காயம் ஏற்படலாம். ஆகவே "காத்திருப்பு" நிலையிலிருந்து "எரி" நிலைக்குத் தானாகத் தாவும் எந்த வழியும் அமைப்பில் இருக்கக்கூடாது. குரல் கட்டளை என்றால் முகக்கவசம், உறிஞ்சும் பம்பின் இரைச்சல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆபத்தான மாற்றங்களுக்கு உறுதிப்படுத்தும் இரண்டாம் சொல் இல்லாமல் விடாதீர்கள்.

நான் முதன்முதலாக எழுதிய அபாயப் பட்டியலில் 60 வரிகள் இருந்தன, எல்லாம் "மென்பொருள் செயலிழப்பு", "தொடர்புக் கோளாறு" என்ற மாதிரி. ஒரு பழுத்த பொறியாளர் படித்துவிட்டு, "இதில் நோயாளி எங்கே?" என்று கேட்டார். மறுநாள் தியேட்டரில் போய் நின்றேன். அங்கே எழுதிய 20 வரிகள் அந்த 60-ஐ விட எவ்வளவோ உருப்படியாக இருந்தன.

படி 6: மென்பொருள் ஆவணங்கள்

2023 ஜூனில் வந்த எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல், மென்பொருள் கோளாறின் ஆபத்தைக் குறிக்க 2005 வழிகாட்டுதலில் இருந்த மூன்று நிலைக் கவலை அளவை எடுத்துவிட்டு, அடிப்படை, மேம்பட்டது என்று இரண்டே ஆவண நிலைகளை வைத்தது. கட்டுப்பாட்டு நடவடிக்கைகளைச் சேர்ப்பதற்கு முன், மென்பொருளின் கோளாறு மரணத்தையோ கடுமையான காயத்தையோ உண்டாக்கச் சாத்தியம் உள்ள நிலைக்குக் கொண்டுபோகுமா என்பதே கேள்வி. ஆம் என்றால் மேம்பட்ட நிலை. அப்போது விரிவான வடிவமைப்பு ஆவணமும், அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனைகளின் நெறிமுறை, அறிக்கைகளும் கூடப் போக வேண்டும். இன்சஃப்ளேட்டரும் காட்டரியும் உங்கள் பட்டியலில் இருந்தால், அடிப்படை நிலை போதும் என்று வாதாடி நேரத்தைக் கரைக்காமல், முதலிலிருந்தே மேம்பட்ட நிலைக்குத் தயாராகுங்கள். மருத்துவ மென்பொருளை உருவாக்கும் முறைக்கான ஐ.இ.சி. 62304 தரநிலையைப் பின்பற்றி உருவாக்கிய மென்பொருளாக இருந்தால், இந்த ஆவணங்களில் பெரும்பகுதி கையில் இருக்கும். அடியில் ஓடும் இயங்குதளம் போல வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளுக்கும் தனியே கணக்குச் சொல்ல வேண்டும்.

படி 7: மின் பாதுகாப்பு

மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60601-1 தரநிலை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடுவது அதன் 16-ஆம் பிரிவை. பல கருவிகளைச் சேர்த்து ஓர் அமைப்பாக ஆக்கும்போது என்ன ஆகும் என்று பேசுவது அந்தப் பிரிவு. ஒவ்வொரு பெட்டியும் தனியாகத் தேறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே வண்டியில், ஒரே பிளக் பலகையில் மாட்டினால், சிறுசிறு கசிவு மின்னோட்டங்கள் கூடும். நோயாளி இருக்கும் சூழலில் தொடு மின்னோட்டம் சாதாரண நிலையில் 100 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது. பல சாக்கெட் பலகையின் நில இணைப்புக் கம்பியில் 5 மில்லி ஆம்பியர் வரம்பு. உங்கள் அமைப்பு விற்கப்படும் வடிவத்திலேயே, முழு வண்டியையும் கட்டிவைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மின்காந்தப் பொருத்தத்துக்கு 60601-1-2, என்டோஸ்கோப்பிக் கருவிகளுக்கு 60601-2-18. ஆய்வகச் சோதனை முடிந்தாலும், உண்மையான காட்டரியை அரை மீட்டர் தூரத்தில் சுடவைத்து, உங்கள் தொடுதிரை தானாக எதையாவது அழுத்துகிறதா என்று பாருங்கள். இதை யாரும் கேட்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

படி 8: யாரோடு பேசுகிறது?

இணக்கப் பட்டியலில் நிறுவனம், மாடல், மென்பொருள் பதிப்பு மூன்றும் இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் பெட்டியை இயக்குகிறீர்கள் என்றால், அந்தப் பெட்டி வெளியிலிருந்து இயக்கப்படுவதை அதன் சொந்த அனுமதி ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கருவிகளுக்கு இடையேயான உரையாடல் பற்றி எஃப்.டி.ஏ. 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதன் சாரம் இது: இடைமுகத்தின் நோக்கம் என்ன, யார் இணைக்கலாம், தவறான தரவு வந்தால் என்ன நடக்கும் என்று வெளிப்படையாக எழுதிவிடு. 11073 எஸ்.டி.சி. போன்ற பொதுத் தரநிலையில் பேசினால் விளக்குவது எளிது. சொந்த மொழியில் பேசினால், அந்த மொழியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் நீங்களே விளக்க வேண்டும்.

படி 9: இணையப் பாதுகாப்பு

வலைப்பின்னலில் இணையும் கருவி என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை. சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 524பி பிரிவு 2023 மார்ச் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், இந்தப் பகுதி இல்லாத விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுக்காமல் திருப்பலாம். மென்பொருளில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் காட்டும் பட்டியல், சந்தைக்குப் போன பிறகு ஓட்டைகளைக் கண்காணித்து அடைக்கும் திட்டம், உருவாக்கும்போதே பாதுகாப்பைக் கவனித்ததற்கான சான்று ஆகியவை வேண்டும். அச்சுறுத்தல் மாதிரியையும் ஊடுருவல் சோதனை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். "மருத்துவமனையின் வலைப்பின்னல் பாதுகாப்பாக இருக்கும்" என்ற வரியை எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள்.

படி 10: மனிதர்களை வைத்துச் சோதித்தல்

இந்த வகை அமைப்புக்கு நோயாளிகளிடம் மருத்துவ ஆய்வு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் பயன்படுத்துபவர்களை வைத்துச் சோதிக்க வேண்டிவரும். எஃப்.டி.ஏ.வின் 2016 வழிகாட்டுதல் ஒவ்வொரு பயனர் குழுவுக்கும் குறைந்தது 15 பேர் என்கிறது. சர்ஜன் ஒரு குழு, சுற்றி நின்று உதவும் நர்ஸ் இன்னொரு குழு. ஐந்தாம் படியில் எழுதிய ஆபத்தான பணிகளை அவர்களிடம் கொடுங்கள். நடுவில் கம்பியைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பொத்தானைத் தேடி எத்தனை நொடியில் போகிறார்கள் என்று பாருங்கள். பயிற்சி கொடுத்தவரே பக்கத்தில் நின்று ஜாடை காட்டினால் அந்தச் சோதனை வீண்.

உயிரியல் இணக்கமும் கிருமி நீக்கமும் இங்கே சின்ன விஷயம். நோயாளியைத் தொடும் பாகம் இல்லை என்றால் ஒரு வாக்கியத்தில் முடியும். கிருமி நீக்கிய கைக்கருவி ஒன்று சேர்ந்து வந்தால் மட்டும் தனிக் கோப்பு.

படி 11: அனுப்புதல், காத்திருத்தல்

2023 அக்டோபர் 1 முதல் 510(கே) விண்ணப்பங்கள் ஈ-ஸ்டார் என்ற மின்படிவத்தில்தான் போக வேண்டும். கட்டணம் ஒவ்வொரு அக்டோபர் 1-லும் மாறும். 2025 நிதியாண்டில் அது 24,335 டாலர், தகுதி பெற்ற சிறு நிறுவனத்துக்கு 6,084 டாலர். ஆண்டு வருவாய் 10 கோடி டாலருக்குள் இருந்தால் சிறு நிறுவனச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்று கைக்கு வந்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

முதல் 15 நாளில் விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 60-ஆம் நாள் வாக்கில் பரிசீலகர் தொடர்புகொள்வார். பெரும்பாலும் அது கூடுதல் தகவல் கேட்கும் கடிதமாக இருக்கும். மனம் தளர வேண்டாம், இது வழக்கம்தான். கடிதம் வந்ததும் கடிகாரம் நிற்கும். பதில் அனுப்ப 180 நாள். அதைத் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கடிகாரம் ஓடும் நாட்களைக் கூட்டினால், முடிவுக்கான இலக்கு 90 நாள்.

180 நாள் நிறைய என்று தோன்றும். ஒரு மின்காந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்தால், ஆய்வகத்தில் இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். கடிதம் வந்த முதல் பத்து நாளுக்குள், புரியாத கேள்விகளை எல்லாம் பரிசீலகரிடம் பேசித் தெளிந்துகொள்ளுங்கள். அப்புறம் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே பதிலாக அனுப்புங்கள்.

படி 12: கடிதம் வந்த பிறகு

"சாராம்சத்தில் இணையானது" என்ற கடிதம் வந்துவிட்டது. சரி, விற்கலாம். ஆனால் விளம்பரத்தில் "எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது" என்று எழுதக்கூடாது. 510(கே) வழியாக வருவது சந்தைக்கு விடும் அனுமதி மட்டுமே. அதிகாரபூர்வ ஒப்புதல் போலத் தோன்றும்படி எழுதினால், 21 சி.எஃப்.ஆர். 807.97 அதைத் தவறான அடையாளமிடல் என்கிறது. விற்பனைப் பிரிவுக்கு இதை அன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

அமெரிக்காவில் உள்ள நிறுவனம் என்றால், விற்பனை தொடங்கி 30 நாளுக்குள் நிறுவனத்தைப் பதிவுசெய்து, கருவியைப் பட்டியலிட வேண்டும். 2025-ல் ஆண்டுப் பதிவுக் கட்டணம் 9,280 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனம் என்றால், கருவி அங்கே இறக்குமதியாகும் முன்பே இவற்றை முடித்து, அங்கே ஒரு முகவரையும் நியமிக்க வேண்டும். தனித்துவக் கருவி அடையாள எண் லேபிளில் ஏற வேண்டும். தர அமைப்பு 21 சி.எஃப்.ஆர். 820-ன்படி நடக்க வேண்டும். 2026 பிப்ரவரி 2 முதல் அந்த விதி ஐ.எஸ்.ஓ. 13485-ஐத் தழுவி நிற்கிறது. மரணமோ கடுமையான காயமோ நேர்ந்தாலும், மறுபடி நடந்தால் அப்படி ஆகக்கூடிய கோளாறு என்றாலும், தெரியவந்த 30 நாளுக்குள் தயாரிப்பாளர் எஃப்.டி.ஏ.வுக்கு அறிக்கை தர வேண்டும். "திரை உறைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்ற புகாரையும் அந்தக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும்.

படி 13: அடுத்த பெட்டியைச் சேர்க்கும்போது

மையக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒருநாளும் முடிவதில்லை. ஆறு மாதத்தில் யாரோ ஒரு புதிய பம்ப் மாடல் கொண்டுவருவார்கள், அதையும் திரையில் சேர்க்கச் சொல்வார்கள். பாதுகாப்பையோ பலனையோ கணிசமாகப் பாதிக்கக்கூடிய மாற்றத்துக்குப் புதிய 510(கே) வேண்டும் என்கிறது 807.81. மென்பொருள் மாற்றங்களுக்கென்று 2017 அக்டோபரில் வந்த வழிகாட்டுதலில் ஒரு முடிவு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதில் விரல் வைத்து நடந்து, எந்தக் கிளையில் ஏன் போனீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வையுங்கள். சொந்தக் கருவியில் சிறிய மாற்றம், நிறுவப்பட்ட சோதனை முறை உண்டு என்றால், 30 நாள் இலக்குள்ள சிறப்பு 510(கே) ஒத்துவரலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இப்போது இருக்கிறது. சட்டத்தின் 515சி பிரிவு, வரப்போகும் மாற்றங்களை முதல் விண்ணப்பத்திலேயே திட்டமாக எழுதி ஒப்புதல் வாங்க இடம் தருகிறது. "இன்ன வகைப் பம்ப், இன்ன இடைமுகம், இன்ன சோதனைகளில் தேறினால் பட்டியலில் சேர்ப்போம்" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு மாடலுக்கும் மறுபடி கதவைத் தட்ட வேண்டாம். இதை எழுத நினைத்தால் நான்காம் படியின் கேள்விப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் சோதனை வரம்புகளை எஃப்.டி.ஏ. எப்படிப் பார்க்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.